41 விநாடியும் 52 நிமிடமும்

2023-ம் வருஷம் சனி பகவான் இரண்டு தடவை வீடு மாறினார். ஜனவரி 17-ம் தேதி ஒரு தடவை... டிசம்பர் 20-ம் தேதி இன்னொரு தடவை! முதல் தேதியைச் சொன்னது திருக்கணிதப் பஞ்சாங்கம். இரண்டாவது, வாக்கியப் பஞ்சாங்கம் சொன்னது. திருநள்ளாறு கோயில் வாக்கியத்தைப் பின்பற்றுவதால், அங்கே கூட்டம் முண்டியடித்தது டிசம்பரில்தான்.

ராசிபலனை நீங்கள் நம்புகிறீர்களா, இல்லையா என்பது உங்கள் சொந்த விஷயம். அதற்குள் நான் வரவில்லை. என் கேள்வி வேறு. வானத்தில் இருப்பது ஒரே ஒரு சனிக்கிரகம். அது ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் நிற்க முடியாது. அப்படியிருக்க, இரண்டு பஞ்சாங்கங்களுக்கு நடுவே பதினோரு மாதம் எப்படி நுழைந்தது?

இதற்குப் பதில் தேடிப் போனால், கதை 250 வருஷத்துக்கு முந்தைய பாண்டிச்சேரியில் போய் நிற்கிறது. அங்கே, இடிந்துபோன கோட்டையின் மேல் டெலஸ்கோப்பை நிறுத்திவிட்டு, வானத்தையே பார்த்துக்கொண்டு ஒரு பிரெஞ்சுக்காரர் உட்கார்ந்திருக்கிறார். உலக வானவியல் சரித்திரத்திலேயே இவரைவிடத் துரதிர்ஷ்டசாலி கிடையாது!

* * *

அவர் பெயர் கியோம் லெ ழாந்தீல். 1725-ல் பிரான்சின் நார்மண்டிப் பகுதியில் பிறந்தவர். பாதிரியார் ஆவதற்குப் படிக்கப் போனவர், ஒரு வானவியல் பேராசிரியரின் வகுப்பைக் கேட்டுவிட்டு மனம் மாறி, பாரிஸ் வானாய்வகத்தில் சேர்ந்துவிட்டார்.

அந்தக் காலத்து விஞ்ஞானிகளை வாட்டிக்கொண்டிருந்த பெரிய கேள்வி, 'சூரியன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது?' என்பதுதான். கெப்ளர் புண்ணியத்தில் விகிதாசாரம் எல்லாம் தெரியும். பூமி நூறு அடி தூரத்தில் என்றால், வெள்ளி 72 அடியில். ஆனால், அந்த 'அடி' என்பது எத்தனை மைல்? அதுதான் தெரியாது. ஊரின் வரைபடம் கையில் இருக்கிறது, அதன் அளவுகோலை மட்டும் யாரோ கிழித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

இதற்கு ஒரு வழி சொன்னவர் எட்மண்ட் ஹாலி. ஆமாம், வால்நட்சத்திரப் புகழ் ஹாலியேதான். கட்டைவிரலை முகத்துக்கு நேரே நீட்டி, ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். பிறகு, அந்தக் கண்ணைத் திறந்து அடுத்த கண்ணை மூடுங்கள். விரல், பின்னாலிருக்கும் சுவரில் இடம் மாறிக் குதிக்கிறதில்லையா? இரண்டு கண்ணுக்கும் உள்ள இடைவெளியும், விரல் குதித்த அளவும் தெரிந்தால், விரல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்குப் போட்டுவிடலாம். ஹாலி, விரலுக்குப் பதிலாக வெள்ளியை வைத்தார். சுவருக்குப் பதிலாகச் சூரியனை. கண்களுக்குப் பதிலாகப் பூமியின் இரண்டு மூலைகளை!

எப்போதாவது வெள்ளி, நமக்கும் சூரியனுக்கும் நடுவில் புகுந்து, சூரியத் தட்டின் மேல் ஒரு கறுப்புப் பொட்டு மாதிரி நகர்ந்து போகும். இதை வெள்ளி இடைநகர்வு என்கிறார்கள். உலகத்தின் வெவ்வேறு இடங்களில் இருந்து அந்தப் பொட்டு உள்ளே நுழையும், வெளியேறும் நேரங்களைத் துல்லியமாகக் குறித்தால் போதும், சூரியனின் தூரம் கையில் வந்துவிடும். சிக்கல் என்னவென்றால், இது எட்டு வருஷ இடைவெளியில் இரண்டு தடவை நடக்கும். விட்டால், நூறு வருஷத்துக்கும் மேல் காத்திருக்க வேண்டும். லெ ழாந்தீல் காலத்தில் அது 1761-லும் 1769-லும் வந்தது.

1760 மார்ச் மாதம் அவர் பாண்டிச்சேரிக்குக் கப்பல் ஏறினார். நடுவில் பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் யுத்தம். மொரீஷியஸில் பல மாதம் முடங்கி, ஒருவழியாக இன்னொரு கப்பலைப் பிடித்து மலபார் கடற்கரையை நெருங்கியபோது செய்தி வந்தது... 'பாண்டிச்சேரி விழுந்துவிட்டது. இப்போது அது ஆங்கிலேயர் கையில்!' கப்பல் வந்த வழியே திரும்பியது. 1761 ஜூன் 6 அன்று வெள்ளி சூரியனைக் கடந்தபோது, நம் ஆள் நடுக்கடலில்! வானம் என்னவோ தெளிவாகத்தான் இருந்தது. அவரும் பார்த்தார். ஆனால், ஆடுகிற கப்பலில் பெண்டுல கடிகாரம் ஓடாது. தான் எந்த இடத்தில் நிற்கிறோம் என்பதும் சரியாகத் தெரியாது. நேரமும் இடமும் இல்லாத அந்தக் குறிப்பு வெறும் காகிதம்.

வேறு யாராக இருந்தாலும் ஊருக்குத் திரும்பியிருப்பார்கள். இவர், 'எட்டு வருஷம்தானே!' என்று அங்கேயே தங்கிவிட்டார். மடகாஸ்கர் கரையை அளந்தார். பிலிப்பைன்ஸில் இருக்கும் மணிலா நல்ல இடம் என்று கணக்குப் போட்டு அங்கே போனார். அங்கிருந்த ஸ்பானிய ஆளுநரோ, இவர் கொண்டுபோன அறிமுகக் கடிதங்களே போலி என்று சந்தேகப்பட்டார். இதற்குள் சமாதான ஒப்பந்தப்படி பாண்டிச்சேரி மறுபடி பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்துவிட, 1768 மார்ச்சில் லெ ழாந்தீல் ஒருவழியாகப் பாண்டிச்சேரி மண்ணை மிதித்தார். ஆங்கிலேயர்கள் இடித்துப் போட்டிருந்த கோட்டையின் மிச்சத்தின் மேலேயே அவருக்கு வானாய்வகம் கட்டிக் கொடுத்தார்கள். கீழே வெடிமருந்துக் கிடங்கு, மேலே விஞ்ஞானி! சென்னையிலிருந்த ஆங்கிலேயர்கள், பழைய பகையை மறந்து ஒரு அருமையான டெலஸ்கோப்பைக் கடனாக அனுப்பிவைத்தார்கள்.

1769 மே மாதம் முழுக்க விடியற்காலை வானம் பளிச்சென்று இருந்தது. ஜூன் 3 ராத்திரிகூட, ஆளுநரோடு சேர்ந்து வியாழன் கிரகத்தின் நிலாக்களைப் பார்த்து ரசித்தார். மறுநாள் சூரியன் உதிக்கும்போதே வெள்ளி அதன் மேல் இருக்கும். ஏழு மணிவாக்கில் வெளியேறும். அந்த ஒரு கணம் போதும்.

விடியற்காலை இரண்டு மணிக்கு எழுந்து பார்த்தால்... வானம் முழுக்க மேகம்! ஐந்து மணிக்குக் காற்று கிளம்பியது. கொஞ்சம் நம்பிக்கை வந்தது. மேகம் கலையவில்லை. ஏழு மணி ஆனது, வெள்ளி போயே போய்விட்டது. அப்புறம் சாவகாசமாக மேகம் விலகி, மிச்ச நாள் பூராவும் வெயில் கொளுத்தியது. மணிலாவில் அன்று காலை வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது என்று பிற்பாடு செய்தி வந்தபோது, மனுஷர் எப்படித் துடித்திருப்பார்! இரண்டு வாரத்துக்குப் பேனாவையே தொட முடியவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார்.

* * *

லெ ழாந்தீல் கதையை இதோடு முடித்துவிடுவதுதான் வழக்கம். மேகம் மறைத்த மனிதர், பாவம்! எனக்கு அவரிடம் பிடித்தது வேறு. வெள்ளிக்காகக் காத்திருந்த அந்த ஒரு வருஷத்தில், அவர் சும்மா இருக்கவில்லை. பாண்டிச்சேரித் தமிழர்கள் கிரகணத்தை முன்கூட்டியே சொல்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, 'அதெப்படி, எனக்கும் கற்றுக்கொடுங்கள்' என்று போய் உட்கார்ந்துவிட்டார்.

அங்கே அவர் பார்த்தது, ஐரோப்பியக் கண்ணுக்கு நம்ப முடியாத காட்சி. பேனா கிடையாது, காகிதம் கிடையாது. தரையில் சோழிகளைப் பரப்பி வைத்துக்கொண்டு, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தபடி, சோழிகளைக் கூட்டி, எடுத்து, மறுபடி வைத்து... முக்கால் மணி நேரத்துக்குள் ஒரு சந்திர கிரகணத்தின் கணக்கை முடித்துவிட்டார்கள்!

முணுமுணுத்தது மந்திரம் இல்லை. அதுதான் 'வாக்கியம்'. கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். மாயாமாளவகௌளை ஏன் பதினைந்தாவது மேளகர்த்தா? 'மா' என்றால் 5, 'யா' என்றால் 1. திருப்பிப் போட்டால் 15. எழுத்துக்கு ஓர் எண் வைத்து, வலமிருந்து இடமாகப் படிக்கும் இந்த முறைக்கு 'கடபயாதி' என்று பெயர். இதே முறையில், நிலா ஒவ்வொரு நாளும் எந்த இடத்தில் இருக்கும் என்ற எண்களை வார்த்தைகளாக மாற்றி, மனப்பாடம் செய்துவிட்டார்கள். மொத்தம் 248 வாக்கியங்கள்.

ஏன் 248? இங்கேதான் விஷயமே இருக்கிறது. நிலா பூமியைச் சுற்றுவது சரியான வட்டத்தில் அல்ல. ஒரு சமயம் கிட்டே வரும், அப்போது வேகம். ஒரு சமயம் தள்ளிப் போகும், அப்போது நிதானம். கிட்டே வந்த நாளிலிருந்து மறுபடி கிட்டே வருவதற்கு ஏறக்குறைய 27.55 நாள். பின்னத்தில் நிற்கிற கணக்கு யாருக்கும் தொல்லை. ஆனால், அதை ஒன்பதால் பெருக்கிப் பாருங்கள், கிட்டத்தட்ட சரியாக 248 வரும்! ஆக, 248 நாளைக்கு ஒருமுறை நிலாவின் ஆட்டம் முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. 248 நாளுக்கான நிலையை மனசில் ஏற்றிக்கொண்டால், எந்த நாளுக்கும் கணக்குப் போடலாம்.

இந்தச் சுழற்சிக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் 'தேவரம்'. தேவாரம் இல்லை, தேவரம்! தே 8, வ 4, ர 2. திருப்பிப் படியுங்கள், 248. இன்னும் பெரிய சுழற்சிகளும் உண்டு: 3031 நாள், 12,372 நாள். கலியுகம் ஆரம்பித்து எத்தனை நாள் ஆயிற்று என்று பார்த்து, அதிலிருந்து முதலில் 16,00,984-ஐக் கழிக்க வேண்டும். மிச்சத்தை 12,372-ஆல் வகுத்து, அதில் மிஞ்சுவதை 3031-ஆல் வகுத்து, அதிலும் மிஞ்சுவதை 248-ஆல் வகுத்தால், கடைசியில் நிற்கும் எண்தான் இன்றைய வாக்கியத்தின் எண். இடையில் சில திருத்தங்கள் உண்டு. அவ்வளவுதான். வகுத்தலும் கழித்தலும் தெரிந்தால், சோழியே போதும்.

லெ ழாந்தீல் சோதித்துப் பார்க்காமல் விடவில்லை. 1765 ஆகஸ்ட் 30-ல் ஏற்கெனவே நடந்து முடிந்திருந்த சந்திர கிரகணத்தை எடுத்துக்கொண்டார். அது மொத்தம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பது தெரியும். தமிழ்க் கணக்கு, அதில் 41 விநாடி குறைத்துச் சொன்னது. ஐரோப்பாவின் பெருமை என்று கொண்டாடப்பட்ட டோபியாஸ் மேயர் என்ற ஜெர்மானியரின் அட்டவணையோ 68 விநாடி கூட்டிச் சொன்னது! மேயர் லேசுப்பட்டவர் இல்லை. அவர் திருத்தி எழுதிய நிலா அட்டவணை, கப்பல்கள் வழி கண்டுபிடிக்க உதவியது என்பதற்காக, அவர் இறந்த பிறகு பிரிட்டனில் அவர் மனைவிக்கு 3000 பவுண்டு கொடுத்தார்கள். அப்பேர்ப்பட்டவரைச் சோழிக்காரர் 27 விநாடியில் முந்திவிட்டார்.

இந்த 41 விநாடிக் கதை நம்மவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். 'பார்த்தீர்களா, அந்தக் காலத்திலேயே!' என்று யாராவது மேடையில் முழங்குவார்கள். கைதட்டலும் கிடைக்கும். எனக்கும் கேட்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால், இந்தக் கதைக்கு இரண்டாம் பாகம் ஒன்று உண்டு. அதை ஏனோ மேடையில் யாரும் சொல்வதில்லை.

* * *

ஜான் வாரன் என்று ஒருவர். பிரெஞ்சு வம்சாவளி, ஆங்கிலேயக் கம்பெனியில் உத்தியோகம். லாம்டன் தென்னிந்தியாவை அளந்தபோது உதவியாளராக இருந்தவர். 1805 முதல் 1811 வரை சென்னை வானாய்வகத்தைக் கவனித்துக்கொண்டார். இவருக்கும் நம் பஞ்சாங்கக் கணக்கின் மேல் தீராத ஆர்வம். 1825-ல் 'கால சங்கலிதம்' என்ற பெரிய புத்தகத்தையே எழுதி சென்னையில் வெளியிட்டார்.

அவர் பாண்டிச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரரைப் பிடித்தார். வாரன் அந்தப் பெயரை எழுதியிருப்பதைப் படித்தால், 'சாமி நாடன் சாஷியா' என்று வருகிறது. வெள்ளைக்காரர் காதில் விழுந்த தமிழ்ப்பெயர், நாமே சரிசெய்து வாசித்துக்கொள்ள வேண்டியதுதான்! அவரும் தரையில் சோழியைப் பரப்பி, மனப்பாடமாக இருந்த வாக்கியங்களை வைத்து, 1825 மே 31 - ஜூன் 1 ராத்திரி வரவிருந்த சந்திர கிரகணத்தைக் கணக்குப் போட்டுக் காட்டினார். வாரன் அதை வரி வரியாக எழுதி வைத்தார். கூடவே ஒரு குறிப்பும் எழுதினார். இவருக்கு ஞாபகசக்தி அபாரம். ஆனால், இந்தக் கணக்குக்குப் பின்னால் இருக்கும் வானவியல் தத்துவம் ஒரு வார்த்தைகூடத் தெரியாது!

விடை என்ன ஆயிற்று? கிரகணம் பிடிக்கும் நேரத்தில் வித்தியாசம் 4 நிமிடம். நடுப்பகுதியில் 23 நிமிடம். விடும் நேரத்தில் 52 நிமிடம்.

உடனே, 'அப்போ 41 விநாடி பொய்யா?' என்று கேட்காதீர்கள். அது கிரகணத்தின் மொத்த நீளம், இது தனித்தனி நேரங்கள். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஒரு கிரகணத்தில் பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். இன்னொன்றில் எல்லாம் ஒரே பக்கம் சேர்ந்துகொள்ளும். ஆனால், முதல் எண்ணைச் சொல்கிறவர் இரண்டாவது எண்ணையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம் என்பது என் கட்சி.

வித்தியாசம் ஏன் வருகிறது? அந்த 16,00,984-க்குத் திரும்பப் போங்கள். கலியுகத்தில் அத்தனை நாள் கழிந்தது, கி.பி. 1282-ம் வருஷத்தில். அதாவது, அந்த வருஷத்தைப் பூஜ்யமாக வைத்து கணக்கைத் தொடங்கியிருக்கிறார்கள். தொடங்கியவர்கள் கெட்டிக்காரர்கள், சந்தேகமே இல்லை. வானத்தைப் பார்த்து, அளந்து, பொருத்தமான எண்களைத் தேர்ந்தெடுத்தவர்கள். ஆனால், எந்தச் சுழற்சியும் நூற்றுக்கு நூறு சரியாக இருக்காது. ஒரு நாளைக்கு ஒரு நிமிடம் பின்தங்குகிற சுவர்க் கடிகாரத்தை வாங்கி மாட்டிவிட்டு, முள்ளைத் திருப்பி வைக்காமலே தலைமுறை தலைமுறையாக அதைப் பார்த்து மணி சொன்னால் என்ன ஆகும்? நிலாவில் அது நிமிடக் கணக்கில் தெரியும். சூரியனைச் சுற்றிவர 29 வருஷத்துக்கும் மேல் எடுத்துக்கொள்ளும், மாதத்துக்குச் சராசரியாக ஒரு டிகிரி மட்டுமே நகரும் சனியிடம், சில டிகிரிப் பிழைகூட மாதக் கணக்காக நீண்டுவிடும். ஜனவரி எங்கே, டிசம்பர் எங்கே!

முள்ளைத் திருப்பி வைத்தவர்கள் நம் பக்கத்திலேயே இருந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கேரளத்தில் பரமேஸ்வரன் என்ற வானியலாளர், 55 வருஷம் கிரகணங்களைக் கண்ணால் பார்த்துக் குறித்துக்கொண்டே வந்தவர். பழைய கணக்கு வானத்தோடு ஒத்துப்போகவில்லை என்று கண்டு, 1431-ல் கணக்கைத் திருத்தி 'த்ருக்கணிதம்' என்ற நூலை எழுதினார். 'த்ருக்' என்றால் பார்வை. பார்த்துப் போட்ட கணக்கு. அந்தச் சொல்தான் தமிழ் வாய்க்குள் புகுந்து 'திருக்கணிதம்' ஆயிற்று. ஏதோ தெய்விக அடைமொழி என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்!

இந்த 248 எங்கே பிறந்தது என்ற விசாரணையும் சுவாரஸ்யமானது. 1952-ல் ஆட்டோ நியூகெபவர் என்ற அறிஞர், அமெரிக்காவில் உட்கார்ந்து வாரனின் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். பாபிலோனியாவின் களிமண் பலகைகளைப் படிப்பதில் அவர் புலி. 248-ஐப் பார்த்ததும் துள்ளிக் குதித்தார். அதே எண் பாபிலோனியக் களிமண் பலகைகளிலும் இருந்தது. எகிப்தில் கிடைத்த கிரேக்கப் பாப்பிரஸ் சுருள் ஒன்றில், 248-ம் 3031-ம் ஜோடியாகவே இருந்தன. நம் வராகமிகிரர் ஆறாம் நூற்றாண்டில் எழுதிய பஞ்சசித்தாந்திகாவிலும் 248 உண்டு. 'தமிழ் வானியல்' என்று தலைப்பு வைத்தே நியூகெபவர் கட்டுரை எழுதினார். பாபிலோனியாவில் ஈரக் களிமண்ணில் கீறிய ஒரு எண், ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷம் நடந்து வந்து, பாண்டிச்சேரித் தரையில் சோழியாக உட்கார்ந்திருந்தது!

* * *

லெ ழாந்தீல் என்ன ஆனார்? சீதபேதியில் விழுந்து, தேறி, 1770-ல் கிளம்பினார். வழியில் புயல். கப்பல் பழுதாகி மொரீஷியஸுக்கே திரும்பியது. கடைசியில் ஒரு ஸ்பானியக் கப்பலில் இடம்பிடித்து, பிரனீஸ் மலையைக் கடந்து பிரான்சுக்குள் காலடி வைத்தபோது, 1771 அக்டோபர். ஊரைவிட்டுப் போய் பதினொன்றரை வருஷம். அங்கே அவர் செத்துவிட்டதாகவே முடிவுகட்டி, வாரிசுகள் சொத்தைப் பிரிப்பதில் மும்முரமாக இருந்தார்கள். விஞ்ஞானக் கழகத்தில் அவர் இடமும் கைமாறியிருந்தது. வழக்காடித்தான் மீள வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு கல்யாணம் செய்துகொண்டார், ஒரு பெண் குழந்தை பிறந்தது, இரண்டு பெரிய புத்தகங்களாகத் தன் பயணத்தை எழுதினார். சோழிக் கணக்கும் அதில் இருக்கிறது.

அவர் பார்க்க முடியாததை உலகெங்கும் மற்றவர்கள் பார்த்தார்கள். எல்லாக் குறிப்புகளையும் சேர்த்து, 1771-ல் லாலாந்த் என்ற பிரெஞ்சுக்காரர் சூரியனின் தூரம் சுமார் 15 கோடியே 30 லட்சம் கிலோமீட்டர் என்று சொன்னார். இன்று நாம் அறிந்தது 14 கோடியே 96 லட்சம். பரவாயில்லையே!

அடுத்த வெள்ளி இடைநகர்வு, 1874 டிசம்பர் 9. இந்த முறை சென்னை வானாய்வகத்தில் அதற்காகக் காத்திருந்தவர்களில் ஒருவர், சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பஞ்சாங்கக் குடும்பம். சின்ன வேலையில் சேர்ந்து, தலைமை வானியலாளர் போக்சனின் முதல் உதவியாளராக உயர்ந்தவர். 1867-ல், ஒளி கூடிக் குறையும் ஒரு நட்சத்திரத்தைத் தெற்கு வானில் கண்டுபிடித்தார். இந்தியர் ஒருவர் அப்படிக் கண்டுபிடித்தது அதுவே முதல் தடவை. லண்டன் ராயல் வானியல் கழகம் அவரை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது.

ராத்திரியில் டெலஸ்கோப், பகலில் பஞ்சாங்கம் என்று இரண்டு உலகத்திலும் புழங்கியவர் அவர். 'வானத்தைப் பார்த்துக் கணக்கைத் திருத்துங்கள்' என்பதுதான் வாழ்நாள் முழுக்க அவருடைய வாதம். திருக்கணித முறையில் தானே பஞ்சாங்கம் போட்டு வெளியிட்டார். வெள்ளி இடைநகர்வு என்றால் என்ன என்று சாதாரண ஜனங்களுக்கு விளக்க, ஆங்கிலத்திலும் சில இந்திய மொழிகளிலும் ஒரு சின்னப் புத்தகம் கொண்டுவந்தார். பெரியவர்கள் சிலர் ஆதரித்தார்கள். பலர், 'முன்னோர் சொன்ன வாக்கியத்தைத் திருத்த நீ யார்?' என்று கேட்டார்கள். அவர் 1880-ல் காலமானார்.

2025 மார்ச் 29 அன்று திருக்கணிதப்படி சனிப்பெயர்ச்சி என்று ஊரெல்லாம் பேச்சு கிளம்பியதும், திருநள்ளாறு கோயில் நிர்வாகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. இங்கே பின்பற்றுவது வாக்கியப் பஞ்சாங்கம். எங்களுக்குப் பெயர்ச்சி 2026-ல்தான் என்று!